இறக்கத்துக்கு ஒரு கியர்

கலாமணிக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் சீடனாகச் சேர்ந்த அர்த்தநாரிக்கு அறுபத்து இரண்டு. இதில் வெட்கப்பட்டது அவர்கள் இரண்டு பேரும் இல்லை. பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நான்தான்.

என் பெயர் மயில்சாமி. கொல்லிமலை அடிவாரத்தில், எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை தொடங்கும் இடத்தில் இரண்டு தகரக் கொட்டகைகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது. இன்னொன்று கலாமணியின் சைக்கிள் கடை. சைக்கிள் கம்பெனி ஒன்றில் கியர் பூட்டும் பிரிவில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவள். சாதா சைக்கிளுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடவிடுவாள். பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் பதிலுக்கு ஸ்பேனரை நீட்டும் ரகம். அவளிடம் வேலை கற்றவர்கள் எல்லோரும் பட்டறை வழக்கப்படி அவளைக் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அர்த்தநாரி முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். போன ஆடி மாதத்தில் ஒரு காலை, பழைய சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

“அம்மிணி, இதுக்கு மோட்டார் வெக்கணும். கியரும் வெக்கணும். மலையில ஓடணும்.”

“வெச்சுத் தர்றேனுங்க. பத்து நாள் ஆகும்.”

“நீ வெக்க வேண்டாம். நானே வெக்கணும். சொல்லிக் குடு.”

கலாமணி நிமிர்ந்து பார்த்தாள். “யாரு ஓட்டறதுக்கு?”

“அரப்பளி.”

என் கையிலிருந்த வெல்டிங் ராடு அப்படியே நின்றுவிட்டது. அரப்பளியின் கதை தெரியாத ஆள் அடிவாரத்தில் கிடையாது. மலைக்காரர். அர்த்தநாரி ஓட்டிய லாரியில் பதினாறு வருஷம் கிளீனராக இருந்தவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், மரவள்ளிக்கிழங்கு லோடோடு மலை இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. அறுபத்தோராவது வளைவில் அரப்பளி ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தார். வண்டி நின்றது. அர்த்தநாரி பிழைத்தார். கட்டையோடு சேர்ந்து அரப்பளியின் வலது காலும் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது.

இப்போது அரப்பளி மலைமேல் டீக்கடை வைத்திருக்கிறார். அரசாங்கம் கொடுத்த மூன்று சக்கர வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஊன்றுகோலைச் சைக்கிள் பாரில் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலால் மிதித்துப் போகிற ரோஷக்காரர். ஏற்றம் வந்தால் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டே நொண்டி நொண்டித் தள்ளுவார்.

அந்த விபத்துக்குப் பிறகு அர்த்தநாரி ஸ்டியரிங்கைத் தொடவில்லை. எடைமேடையில் காவலுக்குப் போய்விட்டார். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட மலை ஏறி அரப்பளியைப் பார்க்கவும் இல்லை. இப்போது வண்டி செய்து கொடுக்க ஆசைப்படுகிறார், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. குழப்பமெல்லாம் அப்புறம்தான் வந்தது.

“எத்தனை கியர் வெக்கணும் அம்மிணி?” என்று அர்த்தநாரி கேட்டார்.

கலாமணி கடையில் கிடந்த ஒரு கியர் இல்லாத சைக்கிளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இதுல மூணாவது வளைவு வரைக்கும் மிதிச்சுட்டு வாங்க.”

ஒரு மணி நேரம் கழித்து வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

“எங்க இறங்குனீங்க?”

“மூணாவது எங்க, மொத வளைவுலயே மூச்சு நின்னுபோச்சு.”

“மோட்டாரும் அங்கதான் நிக்கும். அதுக்கும் மூச்சு உண்டு.”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சரிங்க குரு,” என்றார். அன்றிலிருந்து ‘அம்மிணி’ போய் ‘குரு’ வந்துவிட்டது.

மோட்டாரைச் சக்கரத்தில் வைக்காமல் பெடல் அச்சில் வைத்தார்கள். அப்போதுதான் மோட்டாரின் இழுவையும் அதே செயின் வழியாக, அதே கியர் வழியாகப் பின்சக்கரத்துக்குப் போகும். ஏற்றத்தில் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டால் மோட்டார் திணறாது. பின்னால் ஏழு பல்சக்கரங்கள், அடுக்கு அடுக்காக. மோட்டாரைத் தாங்கும் இரும்புப் பட்டையை நான்தான் ஒட்டிக் கொடுத்தேன்.

முதல் வாரத்திலேயே மூன்று செயின் அறுந்தது. லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்துவார்கள். பழைய லாரியில் அப்படிச் செய்யாவிட்டால் கியர் விழாது. சைக்கிளில் மோட்டார் கைப்பிடியை முறுக்கி அதைச் செய்தால் பாவம், செயின் என்ன செய்யும்? முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“கியர் மாறும்போது கையைச் சும்மா வெச்சுருங்க,” என்றாள் கலாமணி.

“சும்மா வெச்சா வண்டி நின்னுடுமே குரு?”

“நிக்காது.”

நிற்கவில்லை. ஆனால் முப்பது வருஷத்துக் கை, சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆயிற்று.

புரட்டாசியில் வண்டி தயார். அர்த்தநாரி அதில் ஐந்து வளைவு ஏறிவிட்டுத் திரும்பி வந்தார். நாங்கள் எல்லாம் கைதட்டினோம். எலுமிச்சம்பழம்கூட நசுக்கியாகிவிட்டது. மறுநாள் காலையில் வந்து பார்த்தால் வண்டி மொத்தமும் கழற்றிச் சாக்கில் பரப்பிக் கிடக்கிறது.

“என்ன ஆச்சுங்க?” என்றேன்.

“கியர் பத்தல.”

ஏழு கியரை எட்டாக்கினார். கார்த்திகையில் மறுபடி தயார். மறுபடி ஐந்து வளைவு. மறுபடி சாக்கு.

“கியர் பத்தல.”

எட்டு ஒன்பதாயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்க, இது சைக்கிளா வெங்காயமா? உரிச்சுக்கிட்டே இருக்கீங்களே! அங்க அந்த மனுஷன் ஒத்தக் கால்ல தள்ளிக்கிட்டுக் கெடக்கறாரு. ஏழு கியர்ல ஏறாத மலை ஒன்பதுல ஏறிடுமா?” என்று சத்தம் போட்டேன்.

அர்த்தநாரி கலாமணியிடம் திரும்பினார்.

“குரு, ஏத்தத்துக்கு ஒன்பது கியர் இருக்கு. இறக்கத்துக்கு எத்தனை இருக்கு?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“அதான் கேக்கறேன். லாரியை ரெண்டாவது கியர்ல போட்டு இறக்கினா எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். இது பிடிக்கவே மாட்டேங்குது. மிதிக்கறதை நிறுத்தினா அப்படியே விட்டுடுது. இறக்கத்துல பிடிக்கற மாதிரி ஒரு கியர் வெக்கணும்.”

“சைக்கிள் இறக்கத்துல பிடிக்காதுங்க. அதுக்குத்தான் பிரேக்கு.”

“பிரேக்கை நம்ப மாட்டேன்.”

ஏற்றத்துக்குக் கியர் கேட்கிறவனை நான் பார்த்திருக்கிறேன். இறக்கத்துக்குக் கியர் கேட்கிறவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கலாமணி இன்னொரு பிரேக்கை எடுத்து வைத்தாள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, மொத்தம் மூன்று பிரேக் பூட்டினார் அர்த்தநாரி. பூட்டி முடித்து உட்கார்ந்து அவற்றை வெறித்துப் பார்த்தார். அடுத்த நாள் மறுபடி சாக்கு.

மாசி மாதம் கலாமணி சாமான் வாங்க நாமக்கல் போயிருந்த ஒரு பகலில், அர்த்தநாரி என் பட்டறைக்கு வந்தார். கையில் பின்சக்கரத்தின் பிரீவீல். பல்சக்கரங்களைத் தாங்குகிற டப்பாதான் பிரீவீல். மிதித்தால் சக்கரத்தைப் பிடிக்கும், மிதிக்காவிட்டால் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு விட்டுவிடும்.

“மயிலு, இது சுத்தாம நாலு பொட்டு வெல்டிங் அடிச்சு விடு.”

“சுத்தாம அடிச்சா சக்கரம் ஓடற வரைக்கும் பெடலும் ஓடிக்கிட்டே இருக்குமே. காலை எடுக்க முடியாதுங்களே.”

“அதான் வேணும். இறக்கத்துல காலால அமுக்கிப் பிடிக்கலாம்ல.”

பெரிய மனுஷர் கேட்கிறார். நான் ஒரு முட்டாள். அடித்துக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கலாமணி வந்து சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினாள். சக்கரத்தோடு பெடலும் சுற்றியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

“மயிலண்ணா, உங்க பட்டறைக்குப் பின்னாடி கெடக்கற மணலை வாரி அந்தச் சரிவுக்குக் கீழே கொட்டி வைங்க.”

“எதுக்கு?”

“கொட்டுங்க.”

மறுநாள் காலை அர்த்தநாரியைச் சரிவின் மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். பழைய டியூபிலிருந்து ஒரு நீளப் பட்டையை வெட்டி, அவருடைய வலது காலை முட்டியில் மடக்கிக் கட்டினாள். அவர் ஏதும் புரியாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அப்படித்தான். அப்படியே சீட்டில் ஏற்றி உட்கார வைத்தாள்.

“அரப்பளி அண்ணன் இப்படித்தானே உக்காருவாரு?”

“ஆமாங்க குரு.”

“மோட்டார் வேண்டாம். சும்மா இறங்குங்க. வேகம் வந்தா, நீங்க சொன்ன மாதிரி காலால பிடிங்க.”

விட்டாள். சைக்கிள் உருண்டது. பெடல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அதில் மாட்டிக்கொண்டு அவர் இடது கால் மேலும் கீழும் குதித்தது. பத்தடி போனதும் காலை அமுக்கிப் பிடிக்கப் பார்த்தார். செயின் மேல்பக்கம் தொளதொளவென்று தொங்கிப் போய், கியர் மாற்றும் கொக்கியைச் சுருட்டிக்கொண்டு சக்கரக் கம்பிக்குள் நுழைந்தது. சக்கரம் சடக்கென்று நின்றது. மனுஷர் தூக்கி எறியப்பட்டு மணலில் போய் விழுந்தார். பெடல் அடித்து இடது கால் முழங்காலுக்குக் கீழே கிழிந்திருந்தது.

நான் ஓடினேன். கலாமணி மெதுவாக வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் வலது காலின் கட்டை அவிழ்த்தாள். அந்த டியூப் பட்டையாலேயே ரத்தம் வந்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினாள்.

“அவருக்கு மிச்சம் இருக்கறது ஒரு கால்தானுங்க,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அர்த்தநாரி மணலில் உட்கார்ந்தபடி அழ ஆரம்பித்தார். அறுபது வயசு ஆண்பிள்ளை அப்படி ஏங்கி ஏங்கி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

“பிரேக்கு மேல தப்பில்ல குரு,” என்றார். “நான் நியூட்ரல்ல இறக்கினேன். டீசல் மிச்சம் பிடிக்கறதுக்காக. எல்லாரும் செய்யறதுதான்னு செஞ்சேன். கியரை எடுத்துட்டா எஞ்சின் பிடிக்காது, முழுப் பாரமும் பிரேக்குக்குத்தான் வரும். ஒன்பது வளைவு அமுக்கி அமுக்கி பிரேக்கை எரிச்சவன் நான். அது விட்டுடுச்சு. மொதலாளிகிட்டயும் போலீஸ்லயும் பிரேக் பெயிலியர்னு சொல்லிட்டேன்.”

“அரப்பளி அண்ணனுக்குத் தெரியுமா?”

“தூங்கிக்கிட்டு இருந்தான். நான் கத்தின கத்துல முழிச்சு, கட்டையோட குதிச்சான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது. என்னைக் காப்பாத்தினதா மட்டும் நெனச்சுக்கிட்டு இருக்கான்.”

அப்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது. ஐந்து வளைவு ஏறி ஏறித் திரும்பி வந்ததும், முடிந்த வண்டியைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் போட்டதும் கியர் பத்தாததால் இல்லை. வண்டி முடிந்துவிட்டால் மேலே போக வேண்டும். மேலே போனால் அரப்பளி முகத்தைப் பார்க்க வேண்டும்.

“குரு,” என்றார் அர்த்தநாரி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “வண்டியை மட்டும் குடுத்துட்டு வந்துடக் கூடாதா? சொல்லித்தான் ஆகணுமா?”

கலாமணி எழுந்து கடைக்குள் போனாள். ஒரு புது பிரீவீலோடு வந்து அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“ரெண்டு பக்கமும் சுத்திப் பாருங்க.”

ஒரு பக்கம் சுற்றினார், பிடித்தது. மறுபக்கம் சுற்றினார், டிக் டிக் என்று விட்டுவிட்டது.

“ஏத்தத்துல?”

“பிடிக்கும்.”

“இறக்கத்துல?”

“விட்டுடும்.”

“அப்ப யாரு பிடிக்கணும்?”

“ஓட்டறவன்.”

“இதை மாட்டுங்க,” என்று சொல்லிவிட்டு அவள் வேறு ஒருவரின் பஞ்சர் பார்க்கப் போய்விட்டாள்.

அவர் கேட்டதற்கு இது பதிலா, இல்லையா? எனக்குச் சத்தியமாகப் புரியவில்லை. அவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. பிரீவீலைக் கையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அங்கேயே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கால் ஆறப் பங்குனி முடிந்துவிட்டது. இந்த முறை ஏழு கியரோடு நிறுத்திக்கொண்டார். பிரேக் இரண்டு. ஒற்றைக் கால் வழுக்காமல் இருக்கப் பெடலில் ஒரு தோல் வார், ஊன்றுகோலுக்குப் பாரில் ஒரு கொக்கி, இவை எல்லாம் அவரே யோசித்து வைத்தவை. பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். ஆனி மாதத்தில் ஒரு விடிகாலை, “கெளம்பலாமுங்க குரு,” என்றார்.

அவர் சைக்கிளில் முன்னால் போனார். நானும் கலாமணியும் மாற்றுப் பேட்டரியை வைத்துக்கொண்டு என் குட்டியானை லோடு வண்டியில் பின்னால் போனோம். மோட்டார் முனகிக்கொண்டே ஏறியது. ஐந்தாவது வளைவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தாண்டிவிட்டார். முப்பத்தைந்தில் பேட்டரியை மாற்றினோம். மறுபடி ஏறினார்.

அறுபத்தோராவது வளைவில் நின்றுவிட்டார். அன்று லாரி இடித்த சாலையோரச் சுவரில் ஒரு பக்கம் மட்டும் புதுக் கல்லாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கிளம்பப் பார்த்தார், முடியவில்லை. வளைவுக்கு முந்தைய சமதரையில் மாற்றிய சின்னப் பல்சக்கரத்திலேயே செயின் கிடக்க, அப்படியே நிறுத்தியிருக்கிறார். மோட்டார் உறுமிவிட்டு அடங்கியது. லாரியில் நின்ற பிறகும் கியர் மாற்றலாம். சைக்கிளில் சக்கரம் சுற்றினால்தான் கியர் மாறும்.

நான் கதவைத் திறந்தேன். கலாமணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவர் திரும்பி எங்களைப் பார்த்தார். யாரும் வரவில்லை. இறங்கினார். ஒரு கையால் சீட்டைத் தூக்கி, மறு கையால் பெடலைச் சுற்றி, ஒவ்வொரு கியராகக் கொண்டுவந்து முதல் கியரில் விட்டார். ஏறி உட்கார்ந்து போனார்.

டீக்கடை வாசலில் அரப்பளி ஊன்றுகோலை ஊன்றி நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. அர்த்தநாரியைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“வாங்கண்ணா,” என்றார்.

“உனக்குத்தான் அரப்பளி,” என்று சைக்கிளை முன்னால் நிறுத்தினார் அர்த்தநாரி. அவ்வளவுதான், பேச ஆரம்பித்துவிட்டார். மோட்டார் இங்கே, பேட்டரி இங்கே, இது கியர், இது ஏற்றத்துக்கு, இது சமதரைக்கு, கியர் மாறும்போது கையைச் சும்மா வை, நிற்பதற்கு முன்னாலேயே கியரைக் குறைத்துவிடு. மூச்சு விடாமல் பேசினார். டீ ஆறியது. அரப்பளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, ஒற்றைக் காலை வாரில் நுழைத்து, சந்தைப் பக்கத்து மேட்டில் ஏறிப் போய்த் திரும்பினார். ஆறு வருஷமாகத் தள்ளிக்கொண்டு போன மேடு. திரும்பி வரும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, பச்சைப் பிள்ளை முகம்.

“நல்லா இழுக்குதுங்கண்ணா.”

“இழுக்கும். ஆனா இறக்கத்துல மட்டும் பார்த்துப் போ. பிரேக்குலயே கை இருக்கட்டும். இந்த வண்டி இறக்கத்துல எப்பவுமே நியூட்ரல்தான்.”

“அன்னிக்கு மாதிரியா?” என்றார் அரப்பளி.

அர்த்தநாரி சட்டென்று அவரை ஏறிட்டுப் பார்த்தார்.

“நீ... தூங்கிக்கிட்டு இருந்தியே.”

“பதினாறு வருஷம் அந்த வண்டியிலதானே தூங்கினேன். நியூட்ரல் போட்டா சத்தம் மாறுங்கண்ணா. கிளீனருக்கு அந்தச் சத்தத்துல தூக்கம் போயிடும். தெரிஞ்சேதான் கண்ணை மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன். மிச்சம் பிடிக்கற டீசல்ல எனக்கும் பங்கு வரும்ல.” சைக்கிளின் சீட்டைத் தடவினார். குரல் திடீரென்று உடைந்தது. “காலு போனதுக்கு நான் ஒரு மாசம் அழுதேன். அதோட சரி. பஸ்ஸு வந்து நிக்கற சத்தம் கேட்டா எட்டி எட்டிப் பார்த்தேன் பாருங்க, அதுதான் ஆறு வருஷம். நீங்களா வந்து ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

அர்த்தநாரி தலையை மட்டும் ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அரப்பளி வேறு டீ போட்டுக் கொடுத்தார். குடித்தார். அரப்பளியின் தோளைத் தொட்டுவிட்டு வந்து என் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து இறங்கினோம். நான் இரண்டாவது கியரிலேயே இறக்கினேன், அன்றைக்கு வேறு எந்தக் கியருக்கும் எனக்குத் தைரியம் வரவில்லை. அர்த்தநாரிக்கோ வாய் ஓயவில்லை. முகமே மாறிப் போயிருந்தது. ஜன்னல் வழியாகக் காற்றை இழுத்து இழுத்து விட்டார். பத்து வயசு குறைந்த ஆள் மாதிரி இருந்தார்.

“எல்லாம் அவனுக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கு பாருங்க குரு! நான் வாயைத் தொறக்கக்கூட வேண்டியிருக்கல. அவனே எல்லாத்தையும் சொல்லிட்டான். இவ்வளவு லேசா முடிஞ்சுபோச்சே! ஏன் குரு, இதுக்கா நான் ஆறு வருஷம் பயந்து செத்தேன்?”

கலாமணி வளைவுப் பலகைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அறுபத்தி மூன்று. அறுபத்தி இரண்டு.

“மயிலண்ணா, நிறுத்துங்க.”

அறுபத்தோராவது வளைவு. புதுக் கல் வைத்த சுவருக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினேன்.

“மிதிச்சது அவருங்க,” என்றாள் கலாமணி. “நீங்க உருண்டு வந்துட்டீங்க.”

அர்த்தநாரியின் சிரிப்பு அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மேலே போகும் ரோட்டைப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேலே பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“ஏனுங்க! இருங்க, வண்டியைத் திருப்பறேன்!” என்று கத்தினேன்.

திரும்பிப் பார்க்காமலே கையை ஆட்டி வேண்டாம் என்றார். அடுத்த வளைவில் திரும்பி மறைந்துபோனார்.

“ஒன்பது வளைவு இருக்கு,” என்றேன் கலாமணியிடம். “அறுபத்தி ரெண்டு வயசு. வெயில் வேற.”

“நேரமாகும்,” என்று சொல்லிக்கொண்டே அவள் கீழே இறங்கினாள். “கியர்ல போட்டு நிறுத்துங்க. நான் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு வர்றேன்.”